சரளா இல்லே

மலைச்சாலையில் மண் சரிந்து, ஆறு ஹாலிவெல் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டதாகக் காலையில் கடைக்கு வந்தவர்கள் சொன்னபோது சக்கீனா முதலில் நம்பவில்லை. ஈப்போ நகரில் அப்படியொன்றும் பெரிய மழை இல்லை. சிலிபினில் அவர்களுடைய நாசி கண்டார் சோற்றுக்கடையின் முன்னால் தார் ரோடுகூடக் காய்ந்துகொண்டிருந்தது.

"மேலே கேமரன் பக்கம் விடாம பெய்யுதாம்," என்றார் அவள் கணவர் அப்துல் நாசர். "சிம்பாங் பூலாய்க்கு அந்தாண்ட போன் லைனே இல்லையாம்."

கல்லாவில் உட்கார்ந்திருந்த கலாதேவி தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அக்கா சரளா அந்தத் தோட்டத்தில்தான் குடியிருந்தாள். பழைய ரப்பர் தோட்டம். இப்போது எல்லாம் செம்பனை. சரளாவின் கணவன் மகேந்திரன் அங்கே லோரி ஓட்டுகிறான். இருவருக்கும் மாறி மாறி அடித்துப் பார்த்துவிட்டாள். மணியே போகவில்லை.

"மேலே வா," என்றாள் சக்கீனா. "மகேந்திரன் செட்டைப் போட்டிருந்தா தெரியும்."

கடையின் மேல்மாடியில் சக்கீனாவின் அமெச்சூர் வானொலி இருந்தது. கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கடையை மூடிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது படித்துத் தேர்வு எழுதி உரிமம் வாங்கியிருந்தாள். அப்போது வானொலி வழியாகவே பழக்கமானவன் மகேந்திரன். அவன் தோட்டம் குன்றுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடப்பதால் குரலில் பேசினால் வெறும் இரைச்சல்தான் கேட்கும். ஆனால் ரேடியோவைக் கணினியோடு இணைத்து, தட்டச்சு செய்ததை ஒலியாக அனுப்பினால், அந்த இரைச்சலுக்குள்ளிருந்தே மறுமுனையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். அப்படித்தான் இருவரும் வாரந்தோறும் அரட்டை அடித்து வந்தார்கள். ஆங்கில எழுத்தில் தமிழ், நடுவே மலாய். கையில் வருவதை அடிப்பார்கள்.

அன்று அவள் செட்டைப் போட்டதும் அவன் ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருந்தான்.

PALAM POCHU. ELLARUM SURAU LA IRUKKOM. SAPPADU VEN*M.

பாலம் போய்விட்டது. எல்லாரும் சூராவில் இருக்கிறோம். தோட்டத்தின் நடுவே இருந்த அந்தச் சிறு தொழுகைக்கூடம்தான் அங்கே உயரமான தளத்தில் கட்டிய சிமெண்டுக் கட்டடம். இந்தோனேசியத் தொழிலாளிகள், நம்மவர்கள் என்று எல்லாரும் அதற்குள் ஒதுங்கியிருப்பார்கள் என்பது சக்கீனாவுக்கு உடனே புரிந்தது. மலைப்பக்கம் எங்கோ இடிக்கும்போதெல்லாம் ஓர் எழுத்து விழுந்துவிடும். அந்த இடத்தில் கணினி ஒரு நட்சத்திரத்தைப் போட்டுவிடும்.

"சாப்பாடு வேணுமா, வேணாமா?" என்று மாடிப்படியில் நின்றபடி கேட்டார் நாசர். "ரெண்டுக்கும் நடுவுல அந்த ஒரு எழுத்துதானே."

"தெரியலே மச்சான்."

"அப்ப கட்டிர்றேன்," என்று கீழே இறங்கிவிட்டார்.

சக்கீனா மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து, மக்கள் சூராவில் இருப்பதை மலாயில் சொன்னாள். தீயணைப்புப் படையான பொம்பாவின் மீட்புப் படகு அங்கே போகும் என்றார் அதிகாரி. அந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு படகுதான் இருக்கிறதாம். சரிவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், நேரம் ஆகும் என்றார்.

கலாதேவிக்கு மூச்சு வந்தது. ஆனால் உடனே வேறொரு நினைப்பு. "அக்கா, எங்கக்கா தோட்டத்துலதான் இருக்காளா? நேத்து தஞ்சோங் மாலிம் போறேன்னு சொன்னாளே. மக அங்க படிக்குதுல்ல."

அவள் சரளாவின் மகள் யஸ்வினிக்கு அடித்தாள். யஸ்வினி பல்கலைக்கழக விடுதியில் அப்போதுதான் எழுந்திருந்தாள்.

"அம்மா இங்க வரலையே சின்னம்மா. விடியக்காலையில பஸ் ஏறறேன்னு மெசேஜ் பண்ணாங்க. அப்புறம் ஒண்ணுமில்லே. ஏன், அங்க இல்லியா?"

பஸ் ஏறினாளா, ஏறப் போவதாகச் சொன்னாளா, அதுவே தெளிவாக இல்லை. ஏறியிருந்தால் மகளிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஏறாவிட்டால் சூராவில் இருக்க வேண்டும். சக்கீனா மகேந்திரனிடம் கேட்டு அனுப்பினாள். பதில் வரவில்லை. நண்பகல்வரை இரைச்சல் மட்டும்தான். கடையின் வாட்ஸ்அப் குழுவில், தோட்டமே அடித்துக்கொண்டு போய்விட்டதாக ஒருவர் போட்டிருந்தார். அது வேறு மாநிலத்துப் பழைய படம் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். எதை நம்புவதென்று தெரியாமல் சக்கீனா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு திரை அசைந்தது.

THANNI ULLE VANTHURUCHU. S*RA*LA ILLE. ELLARUM ME

அதற்குமேல் அர்த்தமில்லாத எழுத்துகளாகக் கொட்டி நின்றது.

சக்கீனா அதை ஒருமுறை படித்தாள். திரையைத் திருப்பிவிடலாமா என்று யோசிப்பதற்குள் கலாதேவி அவள் தோளுக்கு மேலிருந்து வாய்விட்டுப் படித்துவிட்டாள்.

"தண்ணி உள்ளே வந்துருச்சு. சரளா இல்லே."

அவள் சக்கீனாவின் நாற்காலியைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"இல்லேன்னா?" என்றாள் கலாதேவி. "அங்க இல்லேன்னா, இல்ல..."

"அங்க இல்லேன்னுதாம்மா இருக்கும். தஞ்சோங் மாலிம் போனாள்ல."

"போகலையேக்கா. காலையிலயே யஸ்வினி சொன்னாளே."

சக்கீனாவுக்கும் அதே குழப்பம்தான். தண்ணீர் உள்ளே வந்துவிட்டது என்று எழுதியவன், அதற்கு அடுத்த வார்த்தையில் மனைவி ஊரில் இல்லை என்பதை ஏன் எழுத வேண்டும்? யாரும் அப்படி எழுத மாட்டார்கள். வெள்ளத்தில் காணோம் என்றால்? காணோம் என்றே எழுதியிருக்கலாமே. அவசரத்தில் கைக்கு வந்ததை அடித்திருப்பானா? 'இல்லே' என்ற அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அது தமிழாகவே தெரியவில்லை.

சரளா எங்கே என்று கேட்டு அனுப்பினாள். மூன்று முறை. பதில் வந்தபோது அது இன்னும் மோசமாக இருந்தது.

SARALA KAAL ***** 

அவ்வளவுதான். நட்சத்திரங்களுக்குப் பின்னால் வெறுமை.

கலாதேவி அங்கிருந்து எழுந்து சுவரோடு போய் நின்றாள். "காலமாயிட்டா," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. பிறகு போனை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். சக்கீனா பின்னாலேயே போவதற்குள் அவள் யஸ்வினியிடம் பேசிக்கொண்டிருந்தாள். "அம்மா இல்லேடா. உங்கம்மா இல்லே. நீ கிளம்பி வா." கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதிச் சோற்றில் கையை வைத்தபடி பார்த்தார்கள்.

சமையற்கட்டிலிருந்து நாசர் வெளியே வந்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. சக்கீனாவை மட்டும் ஒதுக்கி அழைத்து மெதுவாகச் சொன்னார்.

"சக்கீனா, பொஞ்சாதி செத்தா எவனாச்சும் காலமாயிட்டான்னு எழுதுவானா? அது பேப்பர்ல போடறது. அவன் லோரி ஓட்டறவன்லா."

"அப்ப அது என்ன மச்சான்?"

"கால். கால்ல அடிபட்டிருக்கும். வீங்கியிருக்கும். எனக்கென்ன தெரியும்."

அது சரியாகவும் பட்டது, ஆறுதலுக்குச் சொல்வதாகவும் பட்டது. காலில் அடி என்றால் சரளா உயிரோடு இருக்கிறாள். உயிரோடு இருந்தால் சரளா இல்லே என்று ஏன் வந்தது? ஒன்றை நம்பினால் மற்றது பொய்யானது. இதைக் கலாதேவியிடம் இப்போது சொல்லலாமா? சொல்லி, நாளைக்கு அதுவும் இல்லை என்று ஆகிவிட்டால்? சக்கீனா சொல்லவில்லை. மாடிக்குப் போய்த் திரும்பவும் செட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து அதிகாரி அழைத்தார். 'காக்' என்று அக்கா முறை வைத்தாலும் குரலில் எரிச்சல் தெரிந்தது.

"காக், சூராவ் கோசோங். யாருமே இல்லை. இடுப்பளவு தண்ணீர்தான் இருக்கிறது. நீங்கள்தானே அங்கே இருப்பதாகச் சொன்னீர்கள்? படகை ஆற்றோடு கீழே விட்டுத் தேடச் சொல்லவா?"

சூராவ் காலி. யாருமே இல்லை. அதைக் கேட்டபடியே சக்கீனாவின் கண் திரையில் நின்றிருந்த பழைய வரியில் விழுந்தது. S*RA*LA ILLE. காலையில் சூராவ் என்ற சொல்லைத் தனியாகவும் 'ல' என்பதைத் தனியாகவும் எழுதியிருந்தவன், அவசரத்தில் சேர்த்து அடித்திருக்கிறான். இடி விழுங்கியது இரண்டு U.

சூராவ்ல இல்லே. எல்லாரும் மே... மேலே.

"துவான், கொஞ்சம் பொறுங்க," என்றாள் அதிகாரியிடம் பணிவாக. "படகைக் கீழே விட வேண்டாம். அவங்க மேலே போயிட்டாங்க. அதைத்தான் அனுப்பியிருக்காங்க. நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்."

"மேலே என்றால் எங்கே?"

அதுதான் தெரியவில்லை. கலாதேவியைக் கூப்பிட்டாள். அவள் சிவந்த கண்களோடு வந்து நின்றாள். தோட்டத்துக்கு மேலே மேட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டதும், "ஏன்?" என்றாள்.

"சொல்லு, அப்புறம் சொல்றேன்."

"பழைய புகைவீடு இருக்கு, ரப்பர் ஷீட்டு காயப்போடுற எடம். கிழக்கால தொரை பங்களா, கூரையெல்லாம் போயிருச்சு. ரெண்டும் ரெண்டு பக்கம்."

ஆற்றின் இரண்டு கரை. ஒன்றுக்குப் போன படகு மற்றதற்குத் திரும்பி வர வெகு நேரம் ஆகும். சக்கீனா யோசித்தாள். நீளமாகக் கேட்டால் நீளமாகப் பதில் வரும். பாதியை இடி தின்னும். அதனால் இப்படி அனுப்பினாள்: புகைவீடு என்றால் A மட்டும் விடாமல் அடி. பங்களா என்றால் B மட்டும் விடாமல் அடி. வேறெதுவும் எழுதாதே.

அதையே நிறுத்தாமல் திரும்பத் திரும்ப அனுப்பினாள். பிறகு கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். இரைச்சலுக்குள் மெல்லிய பாட்டு போல ஓர் ஒலி கேட்டது.

AAA*AAAAAAAAAA

திரையின் ஓரம்வரை போய் அடுத்த வரிக்கும் வந்தது. நட்சத்திரங்கள் இருந்தன. ஆனால் ஒரு B கூட இல்லை.

அதிகாரியிடம் சொல்லிவிட்டுச் சக்கீனா கலாதேவியின் பக்கம் திரும்பி, காலில் அடியாக இருக்கும் என்று நாசர் சொன்னதையும் சூராவைப் பற்றியும் சொன்னாள். கலாதேவி கேட்டுக்கொண்டாள். நட்சத்திரங்கள் இருந்த இடத்தைத் திரையில் விரலால் தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

"நிச்சயமாக்கா?"

"முழுசா நிச்சயம்னு சொல்ல முடியாது."

"அப்ப யஸ்வினிகிட்ட என்ன சொல்ல?"

அவள் அழைத்தபோது யஸ்வினி எடுக்கவில்லை. தோழியின் மோட்டார் சைக்கிளில் ஏறி அவள் அதற்குள் புறப்பட்டுவிட்டிருந்தாள்.

பின்னேரம் நாசர் சோற்றுப் பொட்டலங்களை வேனில் ஏற்றிக்கொண்டு இருவரையும் சிம்பாங் பூலாய் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். வெள்ளத்தில் வந்தவர்களை அங்கேதான் இறக்கினார்கள். புகைவீட்டிலிருந்து எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், துணி சுற்றிய காலை இன்னொரு நாற்காலியின்மேல் நீட்டியபடி சரளா உட்கார்ந்திருந்தாள். பஸ் ஏறப் போகும்போதே பாலத்தடியில் வழுக்கி விழுந்து, கால் வீங்கிப்போய், அங்கேயே தங்கிவிட்டாளாம். அதை மகளுக்குச் சொல்ல எடுத்தபோது போன் போய்விட்டதாம்.

வழியிலேயே விசாரித்துக்கொண்டு யஸ்வினி அவர்களுக்கு முன்பே வந்திருந்தாள். அம்மாவின் மடியில் முகத்தை வைத்து, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். தலையில் கழற்றாத ஹெல்மெட்.

"ஏன்டி இப்படி அழுவுறே? கால்தானே சுளுக்கு," என்றாள் சரளா. தங்கையையும் பார்த்தாள். "நீ ஏன் இப்படி பாக்கறே? என்னாச்சு ஒங்களுக்கெல்லாம்?"

சக்கீனா குனிந்து யஸ்வினியின் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

மகேந்திரன் சேற்று உடையோடு வந்து சக்கீனாவின் முன்னால் நின்றான். ரேடியோவையும் கார் பேட்டரியையும் நனைந்த கணினியையும் புகைவீட்டு மேட்டுக்குச் சுமந்து ஏறியவனுக்கு உதடெல்லாம் வெளுத்திருந்தது.

"சரளா எங்கே, சரளா எங்கேன்னே கேட்டுக்கிட்டு இருந்தீங்க," என்றான். "நான் படகுக்கு எடம் சொல்றேன், நீங்க சரளாவைக் கேக்கறீங்க. எனக்கு ஒண்ணும் புரியலக்கா. கால் ஒடஞ்சிருச்சோன்னு யாரோ ஒங்ககிட்ட சொல்லிட்டாங்களோன்னு நெனச்சு, கால் சுளுக்குதான்னு அடிச்சேன்."

"நீ சூராவ்ல இல்லேன்னு அனுப்பினது எனக்குச் சரளா இல்லேன்னு வந்துச்சு."

அவன் வாய் அசைந்தது. எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பார்க்கிறான் என்று தெரிந்தது. பிறகு மனைவி உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி வெகு நேரம் பார்த்தான்.

"இனிமே எடத்தோட பேரை ரெண்டு தடவ அடிக்கணும்," என்றான் கடைசியில்.

கலாதேவி மண்டபத்தின் வாசல் படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். சக்கீனா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்தத் திரைய நீங்க எனக்குக் காட்டாம இருந்திருக்கலாம்ல."

"திருப்பலாம்னுதான் நெனச்சேன். நீ படிச்சிட்டே."

"ஆமா. நான்தான் படிச்சேன்." செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைப் படியில் தேய்த்தாள். "அவ செத்துட்டான்னு நெனச்சு மனசுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சுக்கா. சுடுகாடு வரைக்கும் போயிட்டேன். இப்ப பாத்தா உக்காந்து பேசறா. சந்தோசம் வரணும்ல? வரமாட்டேங்குது. ஏன்னு தெரியலே."

"எனக்கும் தெரியலம்மா," என்றாள் சக்கீனா.

உள்ளேயிருந்து சரளா கூப்பிட்டாள். கழிவறைக்குப் போக வேண்டும், யாராவது பிடியுங்கள் என்றாள். இருவரும் எழுந்து போய் ஆளுக்கொரு பக்கம் அவள் கையைத் தோளில் போட்டுக்கொண்டு தூக்கினார்கள். சரளா நல்ல கனம். ஒரு காலால் தாவித் தாவி வந்தபடி, "மெதுவாலா, மெதுவா," என்று தங்கையை அதட்டினாள். அக்காவின் பாரம் முழுக்கத் தன்மேல் சாய்ந்தபோது கலாதேவியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மறுபக்கத்திலிருந்த சக்கீனாவுக்குத் தெரியவில்லை. மூவருமாக ஈரத் தரையில் வழுக்காமல் நடந்தார்கள்.