சிப்பியும் கையும்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் இயக்கும் சண்முகசுந்தரியைக் கோடையில் வந்த காய்ச்சல் விட்டுப்போயிற்று. கண்களை மட்டும் பிரித்துவிட்டுப் போயிற்று. கிரேனின் உச்சிக் கூண்டிலுள்ள திரையைப் பார்த்துவிட்டுக் கீழே நோக்கினால், கம்பியில் தொங்கும் சரக்குப் பெட்டகம் இரண்டாகத் தெரிந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். பெட்டகம் ஒன்றாயிற்று, ஆனால் ஆழம் மறைந்தது. அவள் இறக்கியவை லாரிகளின்மேல் இடியென விழுந்தன. கண் பரிசோதனையில் விஷயம் தெரிந்ததும், மேற்பார்வையாளர் தளவாய் அவளை வாயிற்கூடத்து நாற்காலியில் உட்காரவைத்தார். கண்கள் சேர்ந்தால் கூண்டு. இல்லையேல் அந்த நாற்காலியே நிரந்தரம்.

கணவன் வீரபாகு அவள் முன்னே வந்து நின்றான்.

“ஏளா, நான் எத்தன பேராத் தெரியுதேன்?”

“ரெண்டு பேரு. ரெண்டு பேருமே சும்மாத்தான் நிக்கிய.”

கண் மருத்துவமனையில், பயிற்சியளிக்கும் பிரேமா அவள் தலையில் கண்களை மறைக்கும் மெய்நிகர்க் கருவி ஒன்றை மாட்டினாள். உள்ளே கடல் இருந்தது. அது ஒரு விளையாட்டு: இடக்கண்ணுக்குச் சிப்பி மட்டும் தெரியும், வலக்கண்ணுக்குக் கை மட்டும் தெரியும். இரு கண்களும் இணங்கினால்தான் கை சிப்பியைத் தொடும், சிப்பி திறக்கும்.

சுந்தரி சாத்தான்குளத்துக்காரி, முழங்காலுக்குமேல் கடலை அறியாதவள். பச்சை ஒளி சூழ்ந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

“மூச்ச விடுங்கக்கா. இங்கன தண்ணியே இல்ல.”

“எனக்குத் தெரியுது. மூச்சுக்குத் தெரியலையே.”

சிறிது நேரத்தில் சிப்பி காணாமற்போயிற்று. கை மட்டும் தனியே நீந்தியது.

“ஒரு கண்ண மூடிட்டீங்களாக்கா?”

“உப்புத்தண்ணி எரியுது.”

பிரேமா சிரித்தாள், ஆனால் விட்டுவிடவில்லை. “தெறந்தே வைங்க. சேருத வர பொறுங்க.”

வாரங்கள் நீருக்கடியில் கழிந்தன. சிப்பியும் கையும், பேச்சு விட்டுப்போன உறவினரைப்போல ஒன்றையொன்று கடந்து மிதந்தன. ஒரு மாலையில், அவள் மூச்சை மெல்ல வெளியே விட்டபோது, இரண்டும் நெருங்கின. சிப்பி திறந்தது. உள்ளே முத்தில்லை, பால்நிற வெளிச்சம் மட்டும் இருந்தது. கருவியைக் கழற்றிய பிறகும் நெடுநேரம் தெருவின்மேல் நீர் நின்றது. உப்பு லாரியொன்று அசைந்தசைந்து அதில் மிதந்து போனது.

தளவாய் குறித்த சோதனை நாளில் அவள் மீண்டும் கூண்டுக்கு ஏறினாள். கீழே ஒரு காலி லாரி. கம்பியில் ஒரு வெறும் பெட்டகம். திரையைப் பார்த்தாள், கீழே நோக்கினாள். பெட்டகங்கள் இரண்டு, லாரிகளும் இரண்டு. இடது இமை பழக்கத்தால் தானே தாழ்ந்தது. கூண்டின் உயரத்தில் அதை யாரும் பார்க்கப்போவதில்லை.

அவள் இமையை உயர்த்தினாள்.

வாக்கி-டாக்கியில் தளவாயின் குரல் வந்தது: “ஏளா சுந்தரி, தூங்கிட்டியா?”

“இருங்க அண்ணாச்சி. ரெண்டாத் தெரியுது. இன்னும் சேரல.”

அதுவரை வேலையிடத்தில் யாரிடமும் தன் வாயால் ஒப்புக்கொள்ளாததை அவள் துறைமுகத்துக்கே சொல்லிவிட்டாள். மூச்சை வெளியே விட்டாள். கண்ணாடிக்கு அப்பால் எல்லாம் பச்சையாயிற்று. பெட்டகங்கள் ஒன்றை நோக்கி ஒன்று மிதந்து வந்தன, தயங்கின, பொருந்தின. கீழே லாரி தனக்குரிய ஆழத்தில் நின்றது. அவள் இறக்கினாள்.

வாக்கி கரகரத்தது.

“வச்சிட்டியா?”

“வச்சாச்சு.”

“சத்தமே கேக்கலையே!” பிறகு, குரலைக் கடுமையாக்கிக்கொண்டு, “ரொம்ப மெதுவாத்தான் வைக்க. திங்கக்கிழமையிலயிருந்து மேல ஏறு. வேகம் பொறவு வரும். சேரலைன்னா, இன்னைக்கு மாதிரி வாயத் தொறந்து சொல்லு.”

சுந்தரி எதிரே பார்த்தாள். உண்மையான கடல் ஒன்றே ஒன்றாக இருந்தது.