எப்போதும் இருபத்தைந்து

"யுன்ஷி அக்கா, பேட்டரிக்குள்ள இருந்த உங்க போர்டைக் கழட்டிப் போட்டுட்டேன். கோவிச்சுக்காதீங்க." சொல்லிக்கொண்டே தாலின் ஹெல்மெட்டை மேசைமேல் கவிழ்த்தான். இன்னொரு கையில் அவனுடைய மின்சார ஸ்கூட்டரின் பேட்டரி இருந்தது. பெரிய செங்கல் அளவு. ஐந்து மாடி ஏறித் தூக்கி வந்திருந்தான்.

யுன்ஷி சால்டரிங் அயர்னைத் தாங்கியில் செருகிவிட்டு நிமிர்ந்தாள். "ஏன், என்ன குறை அதுல?"

"குறையெல்லாம் இல்ல. வெயில் வந்தா அதுக்கு என்ன கோவமோ, சார்ஜ் ஏத்துறதை நிறுத்திடுது. மத்தியான ஆர்டர் எல்லாம் போச்சு. சந்தையில வேற ஒண்ணு வாங்கி மாட்டினேன். அதுக்கு வெயிலாவது, மழையாவது! இப்பத்தான் கொதிக்கிற ரோட்டுல இருந்து வர்றேன், பாருங்க. இருபத்தஞ்சு டிகிரி. எப்பப் பார்த்தாலும் இருபத்தஞ்சு. என் மாமியார் மனசு கூட இவ்வளவு குளிர்ச்சி கிடையாது."

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பட்டறை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வேலை முடிந்தவர்கள், வேலை இல்லாதவர்கள், வேலையே பிடிக்காதவர்கள் என்று யார் வேண்டுமானாலும் ஏறி வந்து எதை வேண்டுமானாலும் செய்து பார்க்கிற இடம். சீனாவின் ஷென்ஷென் நகரில் இப்படி எத்தனையோ உண்டு. இது பழைய துணி ஆலையின் ஐந்தாம் மாடியில் இருந்தது.

யுன்ஷி சிரிக்கவில்லை. பேட்டரியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலச் சுட்டது. கையை எடுத்துவிட்டாள். அதன் மேலிருந்த சின்னத் திரையில் 25 என்று பச்சை எழுத்து நின்றது.

"மூடியைத் திற," என்றாள்.

"அக்கா, எனக்கு ஆர்டர் இருக்கு."

"திற தாலின்."

உள்ளே இருந்த போர்டை அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு கோடும் அவள் இழுத்தது. ஓரத்தில் ஒரு சின்ன மிளகாய்ப் படம். மிளகாய்க்குப் பேர்போன குய்ஜோவிலிருந்து வந்தவள் என்பதால் தான் வரைகிற எல்லாவற்றிலும் விளையாட்டாகப் போடுகிற அடையாளம் அது. வெப்பச் சென்சாரின் கம்பி வரவேண்டிய இடத்தில் கம்பி இல்லை. அரிசியில் கால்வாசி கூட இராத ஒரு ரெசிஸ்டர் ஒட்டியிருந்தது.

பிப்ரவரியில் நடந்தது அவளுக்கு அப்படியே ஞாபகம் வந்தது. டெலிவரிக்காரர்களின் பேட்டரிகள் ஊதிப்போவதைப் பார்த்து, சூடு ஏறினால் சார்ஜை நிறுத்தி அவற்றைக் காவல் காக்க ஒரு மலிவான போர்டு செய்து, வரைபடத்தை இலவசமாக இணையத்தில் போடுவது என்று பட்டறை முடிவு செய்தது. யுன்ஷிதான் வரைந்தாள். சீனப் புத்தாண்டு விடுமுறை, கடைகளெல்லாம் அடைப்பு, சென்சார் வந்து சேரவில்லை. மற்றதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று சென்சார் இடத்தில் ஒரு சாதாரண ரெசிஸ்டரை வைத்தாள். இருபத்தைந்து டிகிரியில் சென்சார் காட்டும் அளவை அது எப்போதும் காட்டிக்கொண்டே இருக்கும். மேசையில் வைத்துச் சோதிக்க அது போதும். சனிக்கிழமை கண்காட்சி இருந்ததால், "போட்டுடு, அப்புறம் மாத்திக்கலாம்" என்று எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். அந்தப் படத்தை அப்படியே இணையத்தில் போட்டுவிட்டாள். பிறகு சென்சார் வந்தது. பட்டறையில் செய்த பத்து போர்டுகளிலும் கையாலேயே மாற்றினாள். இணையத்தில் இருந்த படத்தை மாற்ற மறந்துபோனாள். அதைப் பார்த்துத்தான் சந்தையில் யாரோ செய்து விற்கிறார்கள்.

"இதை ஓட்டாதே. சார்ஜும் போடாதே. பழைய போர்டு எங்க?"

"குப்பையில," என்றான் தாலின். இப்போது அவனும் சிரிக்கவில்லை. "என்னக்கா ஆச்சு?"

அவள் சொன்னாள். அவன் பேட்டரியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "வண்டி ஓடலைன்னா நான் என்ன திங்கிறது?" என்று கேட்டுவிட்டு, பேட்டரியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான்.

பட்டறையைப் பார்த்துக்கொள்கிற ஓயாங்குக்கு ஐம்பது வயது. தொழிற்சாலை எஞ்சினியராக இருந்து வெளியே வந்தவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, கண்ணாடி டம்ளரில் மிதந்த தேயிலையை ஊதி ஒதுக்கினார்.

"போர்டுல உன் பேரா இருக்கு? மிளகாய்தானே இருக்கு. உலகத்துல எத்தனை மிளகாய்!"

"விளையாடாதீங்க அண்ணே. தீப்பிடிச்சா?"

"பிடிக்கலையே இன்னும். சரியான படத்தை இப்பவே போடு. சத்தம் போடாம போடு. நாமதான் தப்பு பண்ணினோம்னு எழுதினேன்னு வை, நாளைக்கு ஆபீஸ்காரங்க நாலு பேர் ஃபைலும் கையுமா படியேறி வருவாங்க. இந்த இடத்தையே பூட்டிடுவாங்க. உன்னையும் சும்மா விடமாட்டாங்க."

அன்று அவள் அவர் சொன்னபடியே செய்தாள். படத்தை மாற்றினாள், தவறைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

மறுநாள் காலை மின்பொருள் சந்தைக்குப் போனாள். இரண்டாம் தளத்தில் ஒரு கண்ணாடி மேசைக்குப் பின்னால் ஜுவாங் என்கிற பெண் அமர்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேசைக்குள் மிளகாய் போர்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. பக்கத்துக் கடையிலும் இருந்தன. எதிர்க் கடையிலும் இருந்தன.

"எவ்வளவு வேணும்மா? நூறா, ஆயிரமா?"

"இதுல சென்சார் இல்லை அக்கா. சூட்டைப் பார்க்கவே பார்க்காது."

"தெரியுமே. சென்சார் வச்சா விலை ஏறும், அடிக்கடி நின்னுபோகும், ஆளுங்க திருப்பிக் கொண்டாந்து கத்துவாங்க. இதுக்கு ஒரு புகார் கிடையாது."

"இதை வரைஞ்சது நான்தான்."

ஜுவாங்கின் முகம் மலர்ந்துவிட்டது. நூடுல்ஸ் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "மிளகாய் டீச்சரா நீங்க! ஏய், இங்க வாங்கடி, மிளகாய் டீச்சர் வந்திருக்காங்க!" பக்கத்துக் கடைக்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். "உங்க புண்ணியத்துல எத்தனை பேர் பிழைக்கிறோம் தெரியுமா? மிளகாய் இருந்தாத்தான் வாங்குவேன்னு கேக்கிறாங்க. போன வாரம் ஒருத்தன் மிளகாய் இல்லாம கொண்டாந்தான், ஒருத்தரும் தொடலை. அப்புறம் அவனும் மிளகாய் போட்டுட்டான்."

"எத்தனை போயிருக்கும்?"

"என் கடையில மட்டுமா? எண்ணி முடியாது டீச்சர்."

யுன்ஷி மணிக்கணக்காகப் பேசினாள். புதிய படத்தைக் காட்டினாள், கெஞ்சினாள். ஜுவாங் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். அவளுடைய கை மட்டும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பழைய போர்டை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டே இருந்தது.

நான்கு நாட்கள் போயின. புதிய படத்தை இருபத்துமூன்று பேர் எடுத்திருந்தார்கள். கீழே வந்த கருத்துகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. புதுசு மோசம், சும்மா சும்மா நின்றுவிடுகிறது, பழையதுதான் நல்லது. ஒருவர் பழைய படத்தையே பக்கத்தில் மறுபடி ஏற்றி வைத்திருந்தார், எல்லோருக்கும் உதவட்டும் என்று.

ஐந்தாம் நாள் டெலிவரிக்காரர்களின் போன் குழுவில் ஒரு புகைப்படம் வந்தது. நகரின் அடுத்த கோடியில் ஒரு மாடிப்படி, மேலே கரி பிடித்த சுவர், கீழே உருகிய இரண்டு ஸ்கூட்டர்கள். யாருக்கும் காயமில்லை என்று எழுதியிருந்தது. யுன்ஷி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கரியில் மிளகாய் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. போனைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்துப் பார்த்தாள். அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை.

தாலின் சார்ஜ் போடுகிற இடம் எங்கே என்று கேட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அது நகரத்துக்குள் அகப்பட்ட பழைய கிராமம். ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து எதிர் வீட்டுக்காரரிடம் உப்பு வாங்கலாம், அவ்வளவு நெருக்கம். ஆறு மாடிக் கட்டிடம், தரைத்தளத்தில் ஒரு கடை. கடைக்குள் இரும்பு அலமாரிகளில் அறுபது எழுபது பேட்டரிகள் வரிசையாக உட்கார்ந்து சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. மூன்று மின்விசிறிகள் இரைந்தன. கடைக்குப் பக்கத்திலேயே படிக்கட்டு. மேலே போக அது ஒன்றுதான் வழி. ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி.

கட்டிடமும் கடையும் வென் மாமாவுடையவை. பனியனைச் சுருட்டி வயிற்றுக்கு மேலே விட்டுக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டிருந்தார். தாலினும் இன்னும் நாலு பேரும் ஆர்டருக்காகக் காத்துக்கொண்டு அங்கேயே குந்தியிருந்தார்கள்.

யுன்ஷி யாரையும் கேட்காமல் உள்ளே போனாள். ஒவ்வொரு பேட்டரியாகத் தொட்டுப் பார்த்தாள். பல சுட்டன. எல்லாத் திரைகளிலும் ஒரே எண், 25.

"ஏம்மா, தர்பூசணியா தட்டிப் பார்க்கிறதுக்கு?" என்றார் வென் மாமா.

"மாமா, மெயின் சுவிட்சை அணைங்க. இந்தத் திரை எல்லாம் பொய் சொல்லுது."

"அணைச்சா இவங்க என்னை உரிச்சுடுவாங்க."

"ஆமா, உரிச்சுடுவோம்," என்றான் ஒருவன். "யாருடா இந்த அக்கா?"

தாலின் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பட்டறை அக்கா. கொஞ்சம் பயந்த சுபாவம்."

"மேல எத்தனை பேர் இருக்காங்க மாமா?" என்று கேட்டாள் யுன்ஷி.

"இப்பவா? ராத்திரி ஷிப்ட்காரங்க தூங்குவாங்க. சின்னப் பசங்க இருக்கும். முப்பது நாப்பது தலை இருக்கும்." அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "நான் அணைக்கிறேன். ஆனா நாளைக்கு இவங்க நஷ்டம் கேட்டா நான் எங்க போவேன்? எழுதிக் கொடு. உன் பேர், அடையாள அட்டை நம்பர், ஏன் அணைக்கச் சொன்னேன்னு காரணம். ரேகையும் வை."

ரசீதுப் புத்தகத்தையும் சிவப்பு மைப்பெட்டியையும் எடுத்து நீட்டினார். ஓயாங் சொன்ன நாலு பேர் அவளுக்கு ஞாபகம் வந்தார்கள். இந்தத் தாள் போதும் அவர்களுக்கு. பேனாவைக் கேட்டு வாங்கினாள். பிறகு எழுதினாள்: ரான் யுன்ஷி ஆகிய நான் இந்த போர்டை வரைந்தேன். என் வரைபடத்தில் தவறு இருக்கிறது. அதனால் அணைக்கச் சொன்னேன். கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள்.

வென் மாமா அதை உரக்கப் படித்தார். குந்தியிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். "அப்ப அந்த மிளகாய் நீதானா?" என்றான் ஒருவன். அவள் அங்கே வந்ததிலிருந்து முதல் தடவையாகத் தாலின் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

மாமா சுவிட்சை இறக்கினார். விசிறிகள் சுற்றிச் சுற்றி நின்றன. அந்தக் கடையில் இருபத்துநாலு மணி நேரமும் இருக்கும் இரைச்சல் ஓய்ந்ததும் தெருவே காது கேளாமல் போனது போல இருந்தது.

அந்த அமைதியில்தான் அது கேட்டது. பின்வரிசையில், எங்கோ கீழே, டிக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று. கூடவே நகப்பூச்சு போன்ற ஒரு இனிப்பு வாசனை மெல்லப் பரவியது.

"அணைச்சாச்சே," என்றார் வென் மாமா. "இனி ஒண்ணும் ஆகாதில்ல?"

"சூடு ஏறிட்டா அது நிக்காது மாமா. எல்லாரும் வெளிய போங்க. தாலின், தெருவுல யாரையும் நிக்க விடாதே. தீயணைப்புக்குப் போன் பண்ணு."

தாலின் உள்ளே ஓரடி வைத்தான். "என் பேட்டரி..."

"விடுடா!"

அவள் கத்திய கத்தலில் அவன் பின்வாங்கினான். அவள் தெருப்பக்கம் வரவில்லை. படிக்கட்டில் ஏறினாள். முதல் மாடியில் நான்கு கதவுகளையும் இரண்டு கைகளாலும் அறைந்தாள். இரண்டாம் மாடியில் ஒருவர் அரைத் தூக்கத்தில் திட்டிக்கொண்டே வந்தார், வாசனை மூக்கில் ஏறியதும் திட்டை நிறுத்திவிட்டுச் செருப்பில்லாமல் இறங்கினார். கீழே எண்ணெயில் ஈரம் விழுந்தது போல ஒரு சீறல் கேட்டது. யாரோ அலறினார்கள். சாம்பல் நிறத்தில் புகை படி வளைவில் தலையை நீட்டியது.

மூன்றாம் மாடியில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் சங்கிலியை விலக்காமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"யாரு நீ? குடியிருப்பு ஆபீஸா? எதுக்கு இப்படி இடிக்கிற?"

"கீழ எரியுதே, அந்த போர்டை வரைஞ்சவ," என்றாள் யுன்ஷி. "குழந்தை முகத்தை ஈரத்துணியால மூடிட்டு இப்பவே இறங்குங்க. கொஞ்சம் விட்டா வழி இருக்காது."

சங்கிலி விலகும் சத்தம் கேட்டது. யுன்ஷி நின்று பார்க்கவில்லை. மேலே இன்னும் மூன்று மாடிகள் இருந்தன.