காது ஏறும் வழி

வளைகாப்புக்கு வாங்கிய கண்ணாடி வளையல்களை உடைத்தவன் நான்தான். கையால் அல்ல. புதுக்கோட்டை பஸ்ஸில் பொட்டலத்தின் மேல் உட்கார்ந்து, விராலிமலை வரை சுகமாகத் தூங்கிக்கொண்டு வந்தேன். 1959இல் ஒரு விஞ்ஞான வாத்தியாரின் கூர்மை அவ்வளவுதான்.

"வளையல் சத்தத்துலதான் வயித்துப் புள்ளைக்குக் காது தெறக்கும், வாத்தியாரே" என்றாள் மருத்துவச்சி முனியாயி, உடைசலைப் பார்த்தபடி. ஒற்றை வெள்ளிக் காப்போடு சடங்கு முடிந்தது. என் மனைவி ராசாத்தி அந்தக் காப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறவியிலேயே காது கேளாத அவள் அண்ணன் நாகராசு மட்டும் எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளையும் அண்ணன் மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்த ராசாத்திக்குத் தைரியம் சொல்லத்தான் நினைத்தேன். படம் வரையப் பள்ளியிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைக் காட்டினேன். உள்ளே மருந்துத் தண்ணீரில் ஓர் ஆட்டுக் கரு.

"இதுக்குக் காது எங்கிட்டு இருக்கு?" என்றாள்.

"இந்தா, தாடைக்குக் கீழ, கழுத்துல. மீனுக்குச் செவுள் இருக்கிற எடம். நம்ம காதுக்குள்ள இருக்கிற குட்டி எலும்பு மூணுல ரெண்டு அந்தக் காலத்துப் பிராணிகளுக்குத் தாடையில இருந்ததுதான். நம்ம புள்ளைக்கும் மொதல்ல கழுத்துலதான் காது. இந்நேரம் மேல ஏறியிருக்கும்."

"ஏறலன்னா?"

பரீட்சையில் இப்படியெல்லாம் கேட்பதில்லை.

அன்றிலிருந்து சோதனைகள். பள்ளியின் இசைக்கவையைத் தட்டி, ரீங்கரிக்கும் கம்பியை வயிற்றருகே பிடித்தேன். அசைவில்லை. வெண்கலத் தட்டைத் தட்டினேன். அசைவில்லை. மலையில் மயில் அலறியது. வயிறு அசையவில்லை, அலமாரியில் அந்த ஆட்டுக் கருதான் மெல்லத் தலை திரும்பியது. தண்ணீர் ஆடியிருக்கும் என்று எனக்கு நானே பாடம் நடத்திவிட்டு, பாட்டிலைத் துணியால் மூடினேன். துணிக்குள்ளும் அது கேட்டுக்கொண்டே இருந்ததுபோல் தோன்றியது.

முனியாயியைக் கேட்டேன். "பொறந்தா தெரியும்." டாக்டரம்மாவைக் கேட்டேன். "அடுத்த மாசம் வாங்க." ராசாத்தியைக் கேட்டேன். "மொதல்ல சாப்பிடுங்க."

சாப்பாடு இன்னொரு திகில். பள்ளி மலைக்கு அந்தப் பக்கம். சீட்டாட்டம் முடிந்து வருவேன், மீட்டிங் முடிந்து வருவேன். எந்த நேரத்தில் வந்தாலும் அடுப்பில் உலை அப்போதுதான் கொதிக்கும். சைக்கிள் ரிப்பேராகி நடந்து வந்த நாட்களிலும்.

ஒரு நாள் மழையில் செருப்பு வார் அறுந்தது. கையில் தூக்கிக்கொண்டு, சேற்றில் வெறுங்காலோடு சத்தமில்லாமல் வந்தேன். உலை கொதித்தது. ராசாத்தி வயிற்றைப் பிடித்தபடி, நான் நுழையுமுன்பே வாசலைப் பார்த்து நின்றிருந்தாள்.

"நான் வாரேன்னு யாரு சொன்னது?"

"கையக் கழுவுங்க."

"வெளையாடாத ராசாத்தி. புள்ளைக்குக் காது கேக்குமா, கேக்காதா? நேராச் சொல்லு."

அவள் துணி மூடிய பாட்டிலைப் பார்த்தாள். பிறகு என் கால்களை.

"கேக்குதுங்க. ஒங்க கம்பி, தட்டு எதையும் அது சட்டை பண்ணல. நீங்க மலை திரும்புறப்பவே ஒதைக்குது. அப்பத்தான் நான் ஒலை வைக்கிறேன். பயமா இருந்துச்சு, அதான் சொல்லல. இன்னைக்கு நீங்க செருப்புகூடப் போடல."