வாசல் தாண்டாத எலும்பு

கொத்தனார் மனைவியின் நெற்றியில் இருந்த எலும்புக்கட்டி எலுமிச்சம்பழம் அளவுதான், ஆனால் அது வீட்டு வாசலைத் தாண்டாது. அவள் எவ்வளவு குனிந்து போனாலும் ணங்கென்று இடிக்கும். மூன்று வருடம் இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிவதற்கு, அவளை யார் எங்கே கூப்பிட்டார்கள்? சோறு வேளைக்கு வந்தது, துணி துவைத்து மடித்து வந்தது, கொத்தனாருக்கு அது போதும். நல்ல மனுஷன்!

பிறகு மகள் ஏழாம் மாதத்தில் உதிரப்போக்கு கண்டு ஆஸ்பத்திரியில் படுத்தாள். எழுந்திருக்கவே கூடாது என்று உத்தரவு. "அம்மா பக்கத்துல இருந்தா போதும்ப்பா" என்று அழுதாள். அன்றுதான் மனைவி இடிபடுவதைக் கொத்தனார் கண்ணால் பார்த்தார்.

"இவ்ளோ நாளா ஏன்டி சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

அவர் சும்மா இருக்கிற ஆளில்லை. வாசல் நிலையைப் பெயர்த்தார், அதற்கு மேலே இருந்த செங்கலை எடுத்தார், கடைசியில் முன்சுவரையே இடித்துத் தள்ளினார். கூடத்திலிருந்து பார்த்தால் தெருவில் பஸ் போவது தெரிந்தது. சுவர் இருந்த இடத்தில், வெறும் காற்றில், அவள் நெற்றி ணங்கென்று இடித்தது. பெற்ற பிள்ளை அங்கே கிடக்கிறதே என்று அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ஆள் போக முடியாவிட்டால் ஆபரேஷன் வர வேண்டியதுதான். மண்டை ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா, மயக்க மருந்துக்காரரோடு வீட்டுக்கே வந்தார். கட்டி மூளைப் பக்கம் இறங்கவில்லை என்றார். கட்டியோடு சேர்த்து மண்டை எலும்பை வட்டமாக அறுத்தெடுத்து, பள்ளத்தை எலும்புச் சிமெண்டால் நிரவினார். கொத்தனாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கலவை இவ்ளோ சீக்கிரம் இறுகுதே, தண்ணி தெளிக்க வேணாமா டாக்டர்?" வெளியே போய் நிற்கச் சொன்னார் டாக்டரம்மா. சுவர் இல்லாததால் அவர் நேராகத் தெருவில் நின்றார்.

அறுத்த எலும்பைச் சோதனைக்கு எடுத்துப் போகும்போது தட்டு காற்றில் ணங்கென்று நின்றது. இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு, மைக்ராஸ்கோப்பை வீட்டுக்கே வரவழைத்தார் டாக்டரம்மா. பயப்பட வேண்டிய கட்டி இல்லை என்று தெரிந்தது.

தையல் பிரித்த அன்று அவள் செருப்பைத் தேடினாள். மூன்று வருடத்தில் அது எந்த மூலைக்குப் போனதோ! கொத்தனாரின் செருப்பை மாட்டிக்கொண்டு, குனிந்து, கையை முன்னால் நீட்டித் தடவியபடியே தெருவில் இறங்கினாள். எதுவும் இடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மகள் அவள் கையைப் பிடித்தவள், பேத்தி பிறக்கிறவரை விடவில்லை.

முன்சுவரைக் கொத்தனார் திரும்பக் கட்டிவிட்டார். எலும்பு சமையலறை அலமாரியில், உப்பு டப்பா பக்கத்தில் இருக்கிறது. அவள் வெளியே கிளம்பும்போதெல்லாம் அது அங்கேயே ணங் ணங்கென்று இடிக்கும். "நீ இரு. வீட்டப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்துவாள்.