முனீஸ்வரியின் கட்டைவிரல்

முனீஸ்வரியின் உள்ளங்கையில் தேங்காய் துருவலாம். பொய்யில்லை, கொஞ்சம்தான் பொய். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடித்து மடித்து, அவள் கையிலிருந்த ஈரத்தையெல்லாம் அந்தத் துணி உறிஞ்சிவிட்டது. விரல் வெடித்து ரத்தம் கசிந்தால் அண்ணன் சமுத்திரம், "துணி மடிக்கவளுக்குக் கிரீம் ஒரு கேடாட்டி?" என்று சிரிப்பான்.

அப்பா விட்டுப்போன வீட்டில் முன்பாதியில் அவன், பின்பாதியில் அவள். முழுவதையும் விழுங்க நினைத்தவன் அவள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித்தரச் சொன்னான். "எழுதலேன்னா அண்ணன்னு ஒருத்தன் கிடையாது." வேறு நாதியில்லாதவள் தலையாட்டினாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பத்திர ஆபீசுக்குச் சாட்சியாகப் பக்கத்து வீட்டுக்காரன் நானும் போனேன். பென்ஷன்காரனுக்கு இதைவிடப் பொழுதுபோக்கு ஏது?

ரேகை தேய்ந்த விரலைப் பார்த்த கைரேகை மெஷினோ அவள் மனுஷியே இல்லை என்றது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாயிற்று. "கையில எதையாவது தடவிக் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்று தொடங்கியது கூத்து. சமுத்திரம் மருந்துக்கடையில் யோசனை கேட்டு, குடம்போல ஒரு டப்பா மாய்ஸ்சரைசரோடு வந்தான். குளித்த ஈரம் காயுமுன் தடவ வேண்டுமாம். படுக்கும்போது இன்னொரு தடவை, மேலே துணி உறையாம். அவனே உட்கார்ந்து தேய்த்தான். அவள் கையில் உட்கார்ந்த கொசுவெல்லாம் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்தது.

"கால் வெடிப்பும் வலிக்குண்ணே."

"மெஷின்ல காலையா வைக்கப்போற?"

"வலியில கை நடுங்கும்லா? ரேகை எப்படி விழும்?"

குதிகாலையும் தேய்த்தான். மறுநாள் முடி வறண்டு தலை அரிப்பதாகச் சொன்னாள். தலைக்கும் எண்ணெய் வைத்தான்.

தேய்க்கிற குஷியில் ஒருநாள் உளறினான்: "ஏட்டி, பதிஞ்ச கையோட வேற வீடு பாத்துக்க. பின்பக்கத்த இடிச்சு கார் நிறுத்தணும்."

முனீஸ்வரி இன்னொரு காலையும் நீட்டினாள்.

அடுத்த முறை மெஷின் அவள் கட்டைவிரலை ஒரே தொடுதலில் வாங்கிக்கொண்டது. சமுத்திரம் சந்தோஷத்தில் என் முதுகில் அறைந்த அறையில் என் பல்செட் கழன்றது. அதிகாரி வழக்கமான கேள்வியைக் கேட்டார்:

"மனசாரத்தான் பங்கை விட்டுக் கொடுக்கீங்களா? யாரும் கட்டாயப்படுத்தலையே?"

"எங்கண்ணன்தான் கட்டாயப்படுத்துதான் சார். எனக்குச் சம்மதமில்ல."

பத்திரம் பதிவாகாமல் சமுத்திரம் கைக்கே திரும்பி வந்தது.

"பாவி! அம்புட்டுத் தேய்ச்சேனேட்டி!" என்று ஆபீஸ் வாசலில் தலையில் அடித்துக்கொண்டான்.

அவள் செருப்பைக் கழற்றிக் காலைத் திருப்பிக் காட்டினாள்.

"இடது குதிகால் இன்னும் ஆறலண்ணே. சாயங்காலம் செத்த நேரம் வந்துட்டுப் போ."