பருந்தின் முதுகுப் பெட்டி

சாம்பல்தீவுக் கடலில் சிவபாதத்தின் வலையில் சிக்கிச் செத்த பருந்து, குளிர்நாட்டிலிருந்து முதன்முறையாக வலசை வந்த குஞ்சு. அதன் முதுகில் கட்டியிருந்த சின்னப் பெட்டியிலிருந்த முகவரிக்கு மச்சான் தவராசா ஈமெயில் அனுப்பினான். வயர் நீட்டிக்கொண்டிருந்த பெட்டியைக் குண்டென்று சந்தேகிப்பார்களோ என்று வீட்டில் வைத்திருக்கப் பயந்து, சிவபாதம் அதை இராணுவ முகாமில் ஒப்படைக்கப் போனான். திரும்பி வரவில்லை.

“அப்பிடி ஒருத்தரும் இங்க வரேல்லை,” என்று முகாமில் கையை விரித்தார்கள்.

பத்தாம் நாள் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் பதில் எழுதினார். பெட்டி இருக்குமிடத்தைச் செய்மதி காட்டிக்கொண்டேயிருக்குமாம். அவர் அனுப்பிய வரைபடத்தில் புள்ளி முகாமுக்குள் இருந்தது.

“அப்ப அவரும் உள்ளுக்கைதான் அண்ணா!” சிவபாதத்தைக் கல்யாணம் முடித்து நான்கே மாதமான தவராசாவின் தங்கை புஷ்பவதி அழுதழுது சிரித்தாள். “இதைக் காட்டினா விடத்தானே வேணும்?”

“விசரி, கொண்டு போகாதை!”

அவள் கேட்கவில்லை. முகாம் அதிகாரி வரைபடத்தைப் பொறுமையாகப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“நாளைக்கு வாங்கோ.”

மறுநாள் ஆராய்ச்சியாளரின் அடுத்த கடிதம் வந்தது. பெட்டி விடியற்காலையில் கடலுக்குள் ஐந்து மைல் போனதும் சமிக்ஞை நின்றுவிட்டதாம். அருமையான தகவல்கள் போய்விட்டனவே என்று வருந்தியிருந்தார்.

புஷ்பவதி அண்ணனின் கையைப் பிடித்தாள்.

“ஒரு சின்னப் பெட்டியை எறியவோ அண்ணா அவ்வளவு தூரம் போனவை?”