வெதுவெதுப்பான கதவு

செகந்தராபாத்தை அடுத்த போலாரத்தில் அந்தப் பழைய பங்களாவின் முன்கட்டு பூட்டிக் கிடந்தது. பின்கட்டில் இரண்டு அறை. அதில் தேவராஜும் எலிசபெத்தும் குடியிருந்தார்கள். தேவராஜுக்கு ஜீடிமெட்லா தாண்டி அரசாங்க மருந்துத் தொழிற்சாலையில், பாய்லர் ஹவுஸில் வேலை. குவார்ட்டர்ஸுக்கு எழுதிக் கொடுத்திருந்தான். கிடைக்கும்போது கிடைக்கும் என்றிருந்தார்கள்.

படுக்கை அறைச் சுவரில் ஓர் அலமாரி இருந்தது. சுவரோடு சேர்த்தே கட்டியது. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரி கோட்டும் தொப்பியும் மாட்டிவைக்கக் கட்டிக்கொண்டது. தேக்குக் கதவு தரையில் தொடங்கி விட்டத்துக்குக் கீழே முடிந்தது. உள்ளே ஓர் ஆள் நிற்கலாம் என்று சொல்லிக்கொண்டார்கள். யாரும் பார்த்ததில்லை. அதில் வீட்டுக்காரர் சின்னசாமி முதலியாரின் பூட்டு தொங்கியது.

வாடகைக்கு விடுகிறவர்கள் ஓர் அலமாரியையாவது தங்கள் சாமானோடு பூட்டி வைத்துக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். குடியிருப்பவர்களும் ஏன் என்று கேட்பதில்லை. எலிசபெத் வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை. புருஷனிடம் கேட்டாள்.

"வீட்டுக்கு ஒரு அலமாரி. அதுவும் அவருக்கு. நம்ம துணி டிரங்குப் பெட்டியில பாச்சை உருண்டையோட கெடக்கணும்."

"டிரங்குப் பெட்டி உங்க அப்பா குடுத்ததுதானே? நல்ல பெட்டி."

"பேச்சை மாத்தாதீங்க."

சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றும் முதலியார் சொல்லியிருந்தார். அதனால் எலிசபெத் வேளாங்கண்ணி மாதா படத்தை அந்தப் பூட்டின் கொண்டியிலேயே கயிறு போட்டு மாட்டினாள். அவருடைய கதவில் அவள் எடுத்துக்கொண்ட ஒரே பாத்தியதை அது.

எழுபத்திரண்டாம் வருஷம், மார்கழி பிறக்கும் முன்பே குழந்தை பிறந்தது. நாள் வராமல் பிறந்த பெண். உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையைச் சூட்டில் வைக்கும் கண்ணாடிப் பெட்டி ஒன்றுதான் இருந்தது. அதில் ஏற்கெனவே இரட்டைப் பிள்ளைகள். நர்ஸாக இருந்த கன்னியாஸ்திரி, நெற்றியில் தண்ணீர் ஊற்றி அவசர ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள். என்ன பேர் என்று கேட்டபோது தேவராஜுக்கு வாயில் வந்தது ஆரோக்கியமேரி. பிழைக்காது என்று தோன்றும் பிள்ளைக்குத்தான் அவசர ஞானஸ்நானம் என்பது இருவருக்கும் தெரியும்.

"சூடு போகாமப் பாத்துக்குங்க," என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். "பால் அப்புறம். மொதல்ல சூடு."

போலாரத்துக் குளிர் அந்த வருஷம் கடுமையாக இருந்தது. உயரமான விட்டம், கல் தரை, சரியாக மூட வராத ஜன்னல். கரி அடுப்பை அறைக்குள் வைத்தால் புகை. வெந்நீர் புட்டி சீக்கிரம் ஆறிவிடும். எலிசபெத் பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் எழுந்து போய்வருவதற்குள் பிள்ளையின் பாதம் நீலம் பூத்துவிடும். பால் குடிக்கவும் அதற்குத் தெம்பில்லை. இரண்டு இழுப்பு, பிறகு தூக்கம்.

ஒரு நாள் காலையில் அவள் மாதா படத்தில் நெற்றியை வைத்து அழுதாள். அழுகை நின்ற பிறகுதான் தெரிந்தது. படத்தின் கண்ணாடி ஜில்லென்றில்லை.

படத்தை விலக்கிக் கதவில் கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல் விட்டுப்போன உடம்பு போல. பக்கத்துச் சுவரைத் தொட்டாள். பனிக்கட்டி. மறுபடி கதவைத் தொட்டாள். நெஞ்சு உயரத்தில் சூடு கூடுதல். காதை வைத்தாள். மிகத் தொலைவில் ரயில் போவது போல ஒரு சத்தம். ஆனால் அது போய் முடியவில்லை.

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஷிப்ட் முடிந்து வந்த தேவராஜை இழுத்துவந்து அவன் கையைக் கதவில் வைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, வேலையிடத்தில் குழாய்களைத் தொட்டுப் பார்ப்பது போல மேலும் கீழும் தடவினான்.

"பைப்," என்றான்.

"என்னது?"

"வெந்நீர் பைப். வெள்ளைக்காரன் கட்டின பங்களா இல்லையா? சுவத்துக்குள்ள பைப் ஓட்டியிருப்பான். குளிர் நாட்டுக்காரன். சத்தம் கேக்குது பாரு, உள்ளே ஓடுற சத்தம்."

"முன்கட்டுல ஆளே இல்லை. பாய்லருக்கு யாருங்க விறகு போடறா?"

தேவராஜ் யோசித்தான். பாய்லர்க்காரனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது.

"சரி, மாதாதான் போடறா, போ," என்றான்.

தொழிற்சாலையில் கண்ணாடிப் புட்டிகள் வந்த மரப்பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. அதை இழைத்து, பஞ்சு போட்டு, முக்காலியின் மேல் ஏற்றிக் கதவோடு ஒட்டி வைத்தான். கதவுப் பக்கத்துப் பலகையை மட்டும் கழற்றிவிட்டான். கதவுக்கும் பெட்டிக்கும் மேலாக ஒரு கம்பளியை வீடு மாதிரிப் போர்த்தினாள் எலிசபெத். பிள்ளை உள்ளே கிடந்தது, முதுகைத் தேக்குக்குக் காட்டிக்கொண்டு.

மறுநாள் பாதம் சிவப்பாக இருந்தது. அந்த வாரமே பால் குடிக்கும் சத்தம் அவளுக்குக் காதில் கேட்டது. மார்கழி போயிற்று. பிள்ளைக்குக் கன்னம் என்று ஒன்று வந்தது. ஆனாலும் பெட்டியை விட்டு வெளியே எடுத்துவைத்தால் கொஞ்ச நேரத்தில் விரல் நுனி வெளுக்கும். குளிர் முடிகிறவரை அந்தக் கதவுதான் என்று எலிசபெத்துக்குத் தெரிந்துவிட்டது. கதவின் மேலிருந்த கோபம் எங்கோ போய்விட்டது. தாண்டிப் போகும்போதெல்லாம் தொட்டுவிட்டுப் போனாள்.

பொங்கல் கழிந்ததும் சின்னசாமி முதலியார் சாவியோடு வந்தார். செகந்தராபாத்தில் மூன்று தலைமுறை. அவர் தமிழில் பாதி அந்த ஊர் உருதுப் பேச்சு கலந்திருக்கும்.

"என்னம்மா, சௌக்கியமா? நம்ம பொண்ணு பாமாவுக்குத் தை கடைசியில கல்யாணம். அலமாரில அவங்கம்மா குத்துவிளக்கு இருக்குது. அவ கொண்டுவந்த விளக்கு. அதைத்தான் பொண்ணு கையில குடுத்து அனுப்பணும். எடுத்துட்டுப் போயிடறேன்."

மனைவி செத்த பிறகு அவர் அலமாரியைத் திறந்ததில்லை. அவள் விளக்கையும், தன் அப்பாவின் கோட்டுகளையும் உள்ளே வைத்துப் பூட்டியதோடு சரி. அதுவும் ஆகிப் பல வருஷம்.

"பிள்ளை தூங்குதுங்க ஐயா."

"தூங்கட்டும். ஒரு நிமிஷம்."

எலிசபெத் பெட்டியை நகர்த்தினாள். படத்தைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டாள். உள்ளே பைப் ஏதும் இருந்து, அதை அவர் அடைத்துவிடுவாரோ என்பதுதான் அவள் பயம். முதலியார் பூட்டில் சாவியைப் போட்டார். கதவில் கை பட்டதும் நின்றார்.

"அரே, கைக்கு இப்படி கரமா இருக்குது? சுடுதே!"

"அப்படித்தாங்க இருக்கும்."

அவர் கதவைத் திறந்தார்.

முதலில் வந்தது சூடு. பிறகு வாசனை, மெழுகும் பூவும் பழைய கம்பளியும் கலந்து. பிறகு சத்தம், இப்போது தொலைவில் இல்லை.

உள்ளே தேனடைகள் தொங்கின. கோட்டு மாட்டும் இரும்புக் கம்பியிலிருந்து அடுக்கடுக்காக, இஸ்திரி போட்டு மாட்டிய துணிகள் போல. எது கோட்டு, எது அடை என்று பிரிக்க முடியவில்லை. ஒரு கோட்டின் தோளிலிருந்தே ஓர் அடை இறங்கியிருந்தது, கை நீளத்துக்கு, கை மாதிரியே மடிந்து. மேலே பழுத்த மெழுகு, கீழே புது வெள்ளை. கதவுக்கும் அடைக்கும் நடுவே தேனீக்கள் ஒரு விரல் இடம் விட்டிருந்தன. அதனால்தான் திறந்தபோது ஒன்றும் அறுபடவில்லை. எல்லாவற்றின் மேலும் ஈ, ஈயின் மேல் ஈ. வெளிச்சம் பட்டதும் அந்த முழுப் பரப்பும் மேலிருந்து கீழாக ஒரு முறை சிலிர்த்தது. ஒரே உடம்பு போல.

பின்சுவரில், உயரத்தில், கிழிந்த வலை போட்ட ஒரு துவாரம். வெளியே நின்ற யூகலிப்டஸ் மரத்தினூடே வந்த வெளிச்சம் அதன் வழியாக உள்ளே விழுந்தது. அங்கே வாசலில் நெரிசல், ஆலைச் சங்கு ஊதிய நேரத்துக் கேட் மாதிரி. அந்த மரத்தடியில் துணி உலர்த்தும்போதெல்லாம் எலிசபெத் ஈக்களைப் பார்த்திருக்கிறாள். எங்கே போகின்றன என்று பார்த்ததில்லை.

எலிசபெத்துக்குக் கோயிலில் திரை விலகிய இடத்தில் நிற்பது போலிருந்தது.

குத்துவிளக்கு தரையில் நின்றது. அதன் தண்டு மட்டும்தான் தெரிந்தது. உச்சியையும் ஐந்து முகத்தையும் ஓர் அடை கவிந்து மூடியிருந்தது.

முதலியார் கதவை மெல்லச் சாத்தினார்.

"நாளைக்கு ஆள் கூட்டியாறேன்," என்றார். "புகை போட்டா போயிடும். ஒரு மணி நேர வேலை. விளக்கு வேணுமே, என்ன செய்ய?"

எலிசபெத் பெட்டியைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள். கம்பளியைத் தூக்கி, அவர் கையைப் பிடித்தாள். வீட்டுக்காரர் கையைப் பிடிக்கிறோம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. உள்ளே விட்டு, முதலில் கதவின் மேல் வைத்தாள். பிறகு பிள்ளையின் பாதத்தின் மேல் வைத்தாள்.

"ரெண்டும் ஒரே சூடு, பாருங்க ஐயா," என்றாள். "ஆஸ்பத்திரில பெட்டி இல்லைன்னுட்டாங்க. இந்த ஈக்களோட சூட்டுலதான் இவ்வளவு நாள் கெடக்கறா. குளிர் விடட்டும். அப்புறம் உங்க இஷ்டம்."

பிள்ளை அவர் விரலைக் காலால் உதைத்தது. பலமான உதை அல்ல. ஆனால் உதை.

முதலியார் கையை எடுக்காமல் நின்றார்.

"எவ்வளவு நாள்?"

"மாசி வரைக்கும்."

"கல்யாணம் தையில."

"தெரியுங்க."

அவர் கதவையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நக்கோ," என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு அவளைப் பார்த்து, "நக்கோம்மா. புகையெல்லாம் வேணாம். பாமா இப்ப வேற விளக்கோட போகட்டும். இதைச் சித்திரையில கொண்டுபோய்க் குடுத்துக்கறேன். எங்க போயிடப் போவுது? இத்தனை பேர் காவல் இருக்காங்க."

பூட்டைக் கையில் எடுத்தார். போடவில்லை. கொண்டியை அடித்துச் சத்தம் எழுப்ப மனமில்லை போலும். பூட்டையும் சாவியையும் அவள் கையில் வைத்தார்.

"இனிமே அலமாரி உன்னுது. ஆனா ஒரு கைக்குட்டை வைக்கவும் எடம் இல்லை, ஹவ்வா?"

"ஹவ்," என்று அவர் பேச்சிலேயே ஆமாம் சொன்னாள் எலிசபெத். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மாலையில் தேவராஜ் வந்தான். அவள் கதவை ஒரு கையகலம் திறந்து காட்டினாள். அவன் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். பிறகு அவள் மூடிவிட்டு மாதா படத்தைக் கொண்டியில் மாட்டினாள்.

தேவராஜ் பின்பக்கம் போய் யூகலிப்டஸ் மரத்தடியில் நின்றான். மரம் முழுக்கப் பூத்திருந்தது. அந்தி வெளிச்சத்தில் கடைசி ஈக்கள் காலில் மஞ்சள் மகரந்தத்தோடு ஒவ்வொன்றாகத் துவாரத்துக்குள் நுழைந்தன.

"எலிசு," என்று கூப்பிட்டான். "பாய்லருக்கு விறகு வருது, வந்து பாரு."